யட்டவத்த பஸ்ஸில் உங்கள் தங்கை

திருகோணமலை வீதி,
மாத்தளை.
ஞாயிற்றுக்கிழமை, காலை.

அன்பின் மச்சான் கனகசபை அவர்கட்கு,

தில்லையம்பலம் எழுதுவது. வழக்கம்போல் உங்கள் நலம் விசாரித்து, இங்கத்தைய மழை வெயில் சொல்லி, மெதுவாக விஷயத்துக்கு வர இந்த முறை மனம் இடம் தரவில்லை. உங்கள் தங்கை நேசம்மா சுகமாக இருக்கிறாள். வலது மணிக்கட்டில் சிறு வெடிப்பு, பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். வேறு ஒரு கீறல்கூட இல்லை. நான் இதை எழுதும்போது அவள் குசினியில் நிற்கிறாள். ஒற்றைக் கையால் தேங்காய் துருவ முடியாது என்பதை எனக்குக் கேட்கும்படி சட்டி பானைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் இன்றைக்கு எனக்குப் பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கிறது.

உங்கள் மகன் தனுஜன் பேஸ்புக்கில் யாரோ போட்ட பஸ் வீடியோவைப் பார்த்துவிட்டு, மாமி உயிரோடு இருக்கிறாவோ என்று போன் எடுத்துக் கேட்டார். அப்போதுதான் ஜெர்மனியில் உங்கள் காதுக்கும் அரைகுறையாக ஏதோ எட்டியிருக்கும் என்று எனக்கு விளங்கியது. அந்த வீடியோவில் ஒன்றுமில்லை மச்சான். சனம் கத்துவதும், பஸ்ஸின் கூரையும், ஒரு நரைத்த கொண்டையும்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்ல நினைத்தேன். போனில் சொன்னால் நீங்கள் "ம்" கொட்டுவீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உங்கள் இருவருக்கும் இடையில் நடக்கும் பேச்சு எனக்குத் தெரியாததா? சுகமோ, சுகம். அங்கே மழையோ, மழை. அதோடு போன் என் கைக்கு வந்துவிடும். ஆகவே இந்தக் கடிதம். தனுஜன் இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நேசம்மா யட்டவத்தைக்குப் போனாள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் அவளோடு ஒரே மேசையில் வேலை செய்த ஸரீனா முழங்காலில் ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். அவரைப் பார்த்து, பகல் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு, அவர் கட்டிக்கொடுத்த மிளகுப் பொட்டலத்தோடும் தொதல் இனிப்போடும் மாத்தளை பஸ்ஸில் ஏறினாள். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. ரோடு காயவில்லை. பள்ளிக்கூடம் விட்ட நேரம், பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்களாம். ஓட்டியவர் பாறூக். அந்தப் பாதையில் பல வருடமாக ஓடுகிறவர், நிதானமான மனிதர். என்ஜின் மூடிக்குப் பின்னால் உள்ள முதல் சீற்றில் யாரோ எழுந்து உங்கள் தங்கைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நல்ல மனிதர் யாரென்று தெரிந்தால் நான் போய்க் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இனி எழுதுவது அவள் சொன்னதும் கொண்டக்டர் முஸம்மில் சொன்னதும் சேர்ந்தது.

இறக்கம் தொடங்கியதும் பாறூக் ஒரு வளைவில் கியரைப் பிந்திக் குறைத்தாராம். அடுத்த வளைவில் அவருடைய கை கியர்த் தடியைக் காணாமல் தடவியதாம். வேறு எவருக்கும் அது கண்ணில் படவில்லை. நேசம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் என்ஜின் மூடியோடு ஒட்டி நின்றாள். அம்மா, விழப்போறீங்க, போய் உட்காருங்க என்று முஸம்மில் அதட்டினார். அவள் காதில் வாங்கவில்லை. தம்பி, ஏலாமல் இருக்கோ என்று பாறூக்கைக் கேட்டாள். அவருடைய கழுத்தெல்லாம் வேர்வை. ஒண்ணுமில்ல உம்மா, நெஞ்சுல கேஸ் மாதிரி ஈக்கி என்றாராம். அப்ப ஓரமாக நிப்பாட்டு ராசா என்றாள். சரியென்று தலையாட்டினார். ஆட்டிய தலை அப்படியே ஸ்டியரிங்கில் விழுந்தது. ஹோர்ன் அலறத் தொடங்கியது.

ரோட்டில் மாடு நிற்கிறதாக்கும் என்றுதான் பின்னால் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்களாம். வலப்பக்கம் பள்ளம், அடியில் வயல். நேசம்மா என்ஜின் மூடியில் முழங்காலை ஊன்றி, பாறூக்கின் தலைக்குக் கீழே கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இந்த மனிதரைப் பின்னுக்கு இழுத்துப் பிடி என்று முஸம்மிலைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினாள். ஏன் சிங்களத்தில், அவர் தமிழ் பேசுகிறவர்தானே என்று நான் பிறகு கேட்டேன். பஸ்ஸுக்குள் வாயைத் திறந்தால் சிங்களம்தான் வருகிறது என்றாள்.

முஸம்மில் தோளைப் பிடித்து இழுக்க, பாறூக்கின் கால் அக்ஸிலரேட்டரை விட்டு வழுகியது. பஸ் கியரில் இருந்தபடியே இறங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரலுக்குத் தட்டு, நியூட்ரலுக்குத் தட்டு என்று பின்னாலிருந்து ஒருவர் யோசனை சொன்னார். முஸம்மிலின் மற்றக் கை ஹான்ட் பிரேக்குக்குப் போனது. உங்கள் தங்கை அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். தொடாதே, இந்த ஈரத்தில் பின்சில்லு இறுகினால் பஸ் சுழன்று பள்ளத்துக்குள் போய்விடும் என்றாள். முஸம்மில் எனக்கு அந்தக் கையைக் காட்டினார். மறுநாளும் வீக்கம் வற்றவில்லை.

இடப்பக்கத்தில் ஒரு மண்மேடு வந்தது. அதில் மோதுங்கள், மோதுங்கள் என்று எல்லாரும் கூக்குரல் இட்டார்கள். அவள் மோதவில்லை. மேட்டைத் தாண்டி விட்டாள். பிறகு ஒரு வளைவு. எதிரே வந்த முச்சக்கர வண்டிக்காரர் பயந்து ரோட்டோரக் கானுக்குள் இறங்கி வழிவிட்டார். வளைவு முடிந்ததும் மிளகுத் தோட்டம் ஒன்றுக்கு ஏறிப்போகும் மண்பாதை. பஸ்ஸை அதற்குள் திருப்பினாள். முன்சில்லு கானில் விழுந்து எழும்பியபோது ஸ்டியரிங் உதைத்து அவளுடைய மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டதாம். கையை எடுக்கவில்லை. பஸ் ஏறியது, இரைந்தது, திக்கித் திணறி நின்றது. இப்போ இழு என்றாள். முஸம்மில் ஹான்ட் பிரேக்கை இழுத்தார். யாரோ குதித்து ஓடிச் சில்லுக்குக் கல் வைத்தார்கள்.

ஒருவரும் சாகவில்லை மச்சான். சிலருக்கு நெற்றியில் வீக்கம், ஒரு பிள்ளைக்கு உதட்டில் பல் பட்டு இரத்தம். அவ்வளவுதான். பின்னால் வந்த ஒரு வான் வண்டியில் பாறூக்கை ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். மாரடைப்பு. இரத்தக் குழாயைத் திறந்துவிட்டார்களாம். வியாழக்கிழமை எழுந்து இருந்து கஞ்சி குடித்திருக்கிறார். அந்தச் செய்தி வரும்வரை உங்கள் தங்கையும் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸைக் காப்பாற்றியதாக எல்லாரும் சொல்ல, அந்த மனிதனின் மார்பில் நான் முழங்கையை ஊன்றினேனே, அதனால் ஏதும் ஆகியிருக்குமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை அம்மா என்று டாக்டர் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

எனக்கு யாரோ தெரியாத நம்பரிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். சட்டையை உட்புறம் வெளியே போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொல்லித்தான் தெரிந்தது. என்ன நிலையில் பார்க்கப்போகிறேனோ என்று போனால், இவள் மர வாங்கில் உட்கார்ந்து, பஸ்ஸில் தொதலை விட்டுவிட்டேன், யாராவது எடுத்துத் தருவார்களா என்று கேட்கிறாள். எனக்குக் கண் இருண்டுவிட்டது. என்னைப் பிடித்து அவளுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பார்த்தவர்கள் நான்தான் நோயாளி என்று நினைத்திருப்பார்கள்.

பொலிஸாரும் வந்தார்கள். எல்லாம் கேட்டு முடித்து, அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பொறுப்பதிகாரி கேட்டாரே, அப்போதுதான் அவள் நடுங்கினாள். கண்ணில் வெண்படலம் எடுத்த காலத்தில் எங்கள் சின்னக் காரை விற்றதோடு லைசென்ஸும் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கவில்லை என்று குற்றவாளி மாதிரித் தலைகுனிந்து சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். சாரதி ஆசனத்தில் இருந்து ஓட்டத்தான் லைசென்ஸ் வேண்டும், என்ஜின் மூடியில் இருந்து ஓட்டுவதற்கு அரசாங்கம் இன்னும் லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கவில்லை என்றார். வெளியே போகும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் எங்கள் மகள் மதுரா கொழும்பிலிருந்து ஓடிவந்தாள். முஸம்மில் அவளுக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்து, உங்கட உம்மா எங்கேயாவது ரேஸ் ஓடினவங்களா என்று பகிடியாகக் கேட்டார். மதுரா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஓம், ஓடினவள் என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை. நேசம்மா என்னைப் பார்த்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். பந்தயத்தைப் பற்றி இந்த வீட்டில் கதைக்கக்கூடாது. நான் கதைக்கவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உங்கள் கராஜ் எரிந்தபோது படங்களும் கிண்ணங்களும் அதோடு போய்விட்டன. ஆகவே மறைக்க வேண்டியதாகவும் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் பெண்ணுக்குத் தெரிந்த அம்மா, கச்சேரிக்குப் போய் வந்தவள். காரை இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறாளே என்று பின்னால் வரும் லொறிக்காரர்கள் ஏசும் அம்மா.

ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து மதுராவுக்கு நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள், நீங்கள்தானே பக்கத்தில் நின்றவர்.

அம்மாவழித் தாத்தா இங்கே ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார், ஜெர்மனி மாமா திருகோணமலை வீதியில் கராஜ் வைத்திருந்தார் என்று தொடங்கினேன். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தங்கள் பந்தயக் கார்களை மாமாவிடம்தான் விட்டார்கள். பழுது பார்த்த காரை மலை ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாமா பக்கத்தில் இருந்து சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றால் வேறு யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அம்மா பிடித்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. ஒரு வருடம் கழித்து, கழித்துப் போட்ட ஒரு ஒஸ்டின் மினியை மாமா வாங்கி, பின் சீற்றைக் கழற்றி, என்ஜினைத் திருத்தி, நுவரெலியாப் பக்கம் நடந்த மலையேறும் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். துரைமாரும் கொழும்புப் பணக்காரரும் கூடாரம் போட்டுச் சாப்பிட்ட இடத்தில், நீங்களும் அவளும் வாழையிலையில் கட்டிய புட்டைக் காருக்குள் இருந்து சாப்பிட்டீர்கள். தொடக்கி வைக்கிறவர் மினியைச் சுற்றி வந்து சாரதி எங்கே என்று கேட்டார். அவள் பின்னலைச் சட்டைக்கொலருக்குள் செருகிக்கொண்டு கையை உயர்த்தினாள். தமிழ்ப் பெண் ஒருத்தி அங்கே பந்தயத்துக்கு நின்றதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

முதல் தடவை இரண்டாவது வளைவில் சுழன்று புல்லுக்குள் போய் நின்றாள். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்த வருடம் மழை. பெரிய கார்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு நிற்க, சின்ன மினி போய்ச் சேர்ந்தது. பெண்களில் முதலிடம், ஆண்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாமிடம். மறுநாள் ஆங்கிலப் பேப்பரில் படம். அதைப் பார்த்துத்தான் தாத்தாவுக்கே விஷயம் தெரியும். மகனோடு பேச்சை நிறுத்திவிட்டு, படத்தை வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்தார்.

அந்த மழைப் பந்தயத்தில் கடைசிக்கு முதல் வளைவில் குடையோடு நின்ற சனத்துக்குள் நானும் நின்றேன் என்று மதுராவுக்குச் சொன்னேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் புதிதாகச் சேர்ந்தவன், நண்பர்களோடு வேடிக்கை பார்க்கப் போனவன். என் வெள்ளைக் கால்சட்டையில் சேறு அடித்துவிட்டு ஒரு கார் போனது. யார் ஓட்டுவது என்று கோபத்தோடு பார்த்தேன். அந்தக் கோபம்தான் கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது என்றேன். மதுரா அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். இத்தனை வருடம் என்னிடம் சொல்லாமல் இருந்தீர்களே, நான் கார் பழகப் பயந்து அழுத நாளில்கூடச் சொல்லவில்லையே என்று தாயை ஏசினாள். நேசம்மா அவளுடைய தலையைத் தடவினாள். ஏன் விட்டீர்கள் என்று மதுரா கேட்டாள். அண்ணா காரை விற்றுவிட்டார் என்றாள். ஏன் விற்றார்? நல்ல விலை வந்திருக்கும் என்றாள். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தியிருந்தேன். இன்று திங்கட்கிழமை. நேற்றுப் பகல் முழுக்க வீட்டில் ஆட்கள்.

முதலில் பாறூக்கின் மனைவி றிஸ்னா, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். ஒரு பெரிய பாத்திரத்தில் வட்டிலப்பம். வாசலிலேயே நேசம்மாவின் பிளாஸ்டர் போட்ட கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அல்லாஹ்தான் ஒங்கள அந்த பஸ்ஸுல ஏத்தி வெச்சான் உம்மா என்றார். அவர் சொன்ன அடுத்த வார்த்தைதான் என் மனதில் நிற்கிறது. அவர் கண் முழிச்சதும் தன்னைப் பத்திக் கேக்கல்ல, பஸ்ஸுல ஈந்த புள்ளைகள் எப்படி என்டுதான் கேட்டாரு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க என்டதும் தூங்கிட்டாரு. நேசம்மா தன் இடது கையால் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பாதி மேசையில் கொட்டியது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பின்னேரம் கண்டியிலிருந்து ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். என்னைவிட வயது கூடியவர், மகன் கையைப் பிடித்து நடந்து வந்தார். சிங்களப் பேப்பரில் செய்தியோடு நேசம்மாவின் பெயரும் தகப்பன் பெயரும் வந்திருந்ததாம். பார்த்துவிட்டு, இது அந்த மினிக்காரப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்று விசாரித்து வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பந்தயம் முடியும் இடத்தில் கடிகாரத்தோடு நின்று நேரம் பிடித்தவர். உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, பேப்பரில் படித்த அந்த மண்மேட்டில் ஏன் மோதவில்லை என்பது.

மச்சான், பொலிஸாரும் டாக்டரும் பேப்பர்க்காரரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நேசம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மேடு மண் மாதிரித்தான் தெரியும், உள்ளே கல் இருக்கிறது, காலையில் போகும்போதே பார்த்தேன் என்றாள். அந்த வேகத்தில் அதில் அடித்தால் பஸ் நிற்கும், நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் நிற்கமாட்டார்கள், கண்ணாடியை உடைத்துக்கொண்டு போவார்கள். மிளகுத் தோட்டத்துப் பாதை ஏறுகிறது. ஏற்றம்தான் நல்ல பிரேக். அதையும் காலையிலேயே பார்த்து வைத்தேன் என்றாள். பஸ்ஸில் போகிறவள் ஏன் இதையெல்லாம் பார்க்கிறாய் என்று நான் குறுக்கே கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பந்தயத்துக்கு முதல்நாள் அண்ணா என்னை மலை முழுக்க நடக்க வைப்பார், பிரேக் போனால் காரை எங்கே விடுவாய், இங்கே பிரேக் போனால் எங்கே விடுவாய் என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கேட்பார், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை, ஐம்பது வருடமாக எந்த ரோட்டில் போனாலும் காரை விட ஓரிடம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன் என்றாள்.

பெரியவர் மெல்லத் தலையாட்டினார். ரோட்டைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடப்பாரே, அந்த உயரமான மனிதர்தானே உங்கள் அண்ணா என்று கேட்டார். இருக்கிறாரா என்றும் கேட்டார். ஜெர்மனியில் இருக்கிறார் என்றாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணாவுக்குச் சொன்னால் இது எல்லாம் உடனே விளங்கும் என்று தமிழில், தனக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நீங்கள் நாட்டை விட்டுப் போவதற்கு முதல்நாள் கொழும்பில் அந்த லொட்ஜ் அறையில் என்னிடம் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. கடைசிப் பந்தயத்தில் அவளுக்கு முன்னால் போய் ஒரு வளைவில் கவிழ்ந்த பையனைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள் என்றீர்கள். பிறகு அவளுடைய முறை. நீங்கள் கீழே நின்றீர்கள், பார்க்க முடியாது, சத்தம் மட்டும்தான். அதே வளைவில் மினியின் சத்தம் ஒரு கணம் இல்லாமல் போய்த் திரும்ப வந்ததாம். அன்றைக்கு அவள்தான் எல்லாரிலும் வேகமாகப் போனாள், ஆனால் அந்த ஒரு கணத்திலேயே என் மனதுக்குள் காரை விற்றுவிட்டேன் என்றீர்கள். பயப்படாதே என்று சொல்லிக் கொடுத்தவனே பயந்துபோனான் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னீர்கள். நான் அவளுக்குச் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அது நான் சொல்ல வேண்டிய கதையல்ல.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போன பிள்ளைகள் எல்லாரும், பிரேக் போனால் எங்கே விடுவாய் என்று நீங்கள் கேட்ட கேள்விக்குள் இருந்துதான் இறங்கிப் போனார்கள்.

நேற்று ஆட்கள் போன பிறகு அவள் பிளாஸ்டரைத் தடவிக்கொண்டு சிரித்தாள். என்ன என்றேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது பெருவிரலை உள்ளுக்குச் சுற்றிப் பிடித்துவிட்டேன், சில்லு கானில் விழுந்தால் உதைக்கும், விரலை வெளியே வை என்று அண்ணா எத்தனை தரம் படித்துப் படித்துச் சொன்னவர், இது தெரிந்தால் எனக்கு நல்ல ஏச்சு விழும் என்றாள். மச்சான், இத்தனை வருடத்தில் அவள் உங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டு கதைத்ததை நான் முதல் தடவை கேட்டேன்.

உங்கள் கால் வீக்கத்தைப் பற்றித் தனுஜன் சொன்னார். குளிர் தொடங்கப் போகிறது, கவனம். இங்கே ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். முத்துமாரியம்மன் உங்களையும் எங்களையும் இதுவரை கைவிடவில்லை. நீங்கள் நூறு வயதுக்கும் சுகமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கோவிலுக்குப் போவேன். திரும்பிவர நேரமாகும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் போன் அடித்தால் எடுத்துக்கொடுக்க நான் இருக்கமாட்டேன், அவளேதான் எடுக்க வேண்டும். அவளை ஒருமுறை ஏசுங்கள், மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
தில்லையம்பலம்.